காலி இடத்தைச் சுற்றிய தேனீ

மூன்றாம் எண் விமானம் நின்றிருந்த இடத்தில் இப்போது விமானம் இல்லை. சிமெண்டுத் தரையில் எண்ணெய்க் கறையும், சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த இரண்டு மரக்கட்டைகளும்தான் கிடந்தன. அந்த வெறும் காற்றில், ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு சாண் மேலே, தேனீ ஒன்று வயிற்றுக்கு அடியில் பச்சை இலைத்துண்டை இடுக்கிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தது. ஜெபசீலி கட்டைகளை எடுக்கத்தான் குனிந்தாள். நிமிரும்போது கண்ணில் பட்டது. ஒரு சுற்று சுற்றும், அந்தரத்தில் நிற்கும், பின்னால் விலகும், மறுபடி அதே புள்ளிக்கு வந்து நிற்கும். கிறுக்கச்சி, இங்க என்னத்தத் தேடுத, என்று வாய்வரை வந்துவிட்டது, சிரிப்பும் கூடவே வந்தது, அப்புறம்தான் அது எந்தப் புள்ளி என்று உறைத்தது. இடது இறக்கை வரும் இடம். தாங்கு கம்பிக்குச் சற்றுப் பின்னால். அங்கேதான் பெட்ரோல் டேங்குக்குக் காற்று போகிற அந்தக் குழாய் இருக்கும். கையிலிருந்த கட்டை நழுவிக் கால் பெருவிரலில் விழுந்தது. வலி எங்கோ தூரத்தில், வேறு யாருக்கோ வலிப்பதுபோல் இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு பதினெட்டு. ஃபர்ஹானா கிளம்பிப் பதின்மூன்று நிமிஷம் ஆகியிருந்தது. காயல்பட்டினத்துப் பிள்ளை, பத்தொன்பது வயசு, பக்கத்து இருக்கையில் வாத்தியார் இல்லாமல் முதல் தடவையாகக் கடற்கரை வரைக்கும் போய்த் திரும்பி வரப் போயிருக்கிறாள். சண்டைக்காலத்தில் வெள்ளைக்காரன் கரிசல் காட்டில் போட்டுவிட்டுப் போன ஓடுபாதை, அதில் நடக்கிற சின்னப் பயிற்சிப் பள்ளி, நாலே விமானம். அந்த நாலையும் தினமும் காலையில் மூக்கிலிருந்து வால்வரை பார்த்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிறவள் ஜெபசீலி. இன்றைக்கும் போட்டிருந்தாள். ஆறு நாற்பதுக்கு. நீல மை.

பார்த்தேன். பார்த்திருப்பேன். இடது இறக்கைக்கு அடியில் தலையைச் சாய்த்து, டார்ச்சை அந்தக் குழாய் வாய்க்கு நேராகப் பிடித்தது அவளுக்கு அப்படியே தெரிந்தது. வெளிச்சம் வட்டமாக உள்ளே ஏறியது, உட்சுவர் மினுங்கியது, அதற்கு மேலே சுத்தமான கறுப்பு. ஆனால் அது எந்தக் காலை? மூன்று வருஷமாக ஒவ்வொரு காலையும் அதே டார்ச், அதே சாய்ப்பு, அதே கறுப்பு. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவைத்த தட்டுகளில் இது நேற்றுக் கழுவியது, இது இன்றைக்குக் கழுவியது என்று யாரால் சொல்ல முடியும். இன்றைக்குரிய அடையாளம் ஏதாவது வேண்டும். இன்றைக்கு என்ன நடந்தது? வால் பக்கம் பார்த்தாள், வலது இறக்கை, சக்கரம், புது டயர், டயரில் விரலை ஓட்டியது ஞாபகம் இருக்கிறது, அதன் ரப்பர் வாசனை விரலிலேயே இருக்கிறது. எஞ்சின் மூடியைத் திறந்து மூடினாள். பிறகு இடது பக்கம் வந்தாள். அப்போது போன் வந்தது. சிலிண்டர்க்காரன். "அக்கா, வீடு பூட்டிக் கெடக்கு, நம்பர் சொன்னாத்தான் எறக்க முடியும்." பக்கத்து வீட்டில் வச்சிருங்க என்றாள், போனில் வந்திருந்த எண்ணைத் தேடிச் சொன்னாள். நாலு ஒண்ணு எட்டு ஆறு. இது எவ்வளவு தெளிவாக ஞாபகம் இருக்கிறது! நாலு ஒண்ணு எட்டு ஆறு. போனைச் சட்டைப்பையில் போட்டாள். அப்புறம்? அப்புறம் கையெழுத்து. நடுவில் டார்ச் உண்டா? எண்ணுக்கும் கையெழுத்துக்கும் நடுவில் மனசு போய்ப் போய் முட்டியது, ஒவ்வொரு தடவையும் அந்தச் சுத்தமான கறுப்பை எடுத்து நீட்டியது, இந்தா, இதுதான், பார்த்தாய் அல்லவா என்று. அது நீட்டுகிற அவசரமே அவளுக்குப் பயமாக இருந்தது.

தேனீ இறங்கி எண்ணெய்க் கறைமேல் ஒரு நிமிஷம் உட்கார்ந்தது. இலையை விடவில்லை. இந்தத் தேனீயை, இவளை, ஜெபசீலிக்குத் தெரியும். இரண்டு மாசமாகத் தெரியும். ஆபீஸ் வாசலில் நிற்கிற காகிதப்பூச் செடியில் இலைகளெல்லாம் யாரோ பொத்தான் அளவுக்கு வட்டம் வட்டமாகக் கத்தரித்த மாதிரி ஆனபோது, எவன் வேலை இது என்று ஒரு மத்தியானம் காத்திருந்து பிடித்தாள். இலை ஓரத்தில் உட்கார்ந்து, தன் உடம்பையே அளவுகோலாக வைத்து வளைத்து வெட்டி, துண்டு கழன்று விழப்போகும் நேரத்தில் இறக்கையை அடித்துக்கொண்டு அதோடு கிளம்பிற்று. போனில் தேடிப் படித்தாள். இலைவெட்டித் தேனீ. கூட்டம் கிடையாது, ராணி கிடையாது, தேனடை கிடையாது, வேலைக்காரி கிடையாது. ஒருத்தியே ஓட்டை தேடவேண்டும், ஒருத்தியே இலை வெட்டவேண்டும். இலைகளைச் சுருட்டி விரலுறை மாதிரி ஒரு குப்பி செய்து, பூந்தூளையும் தேனையும் பிசைந்து அதில் உருண்டை வைத்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டை இட்டு, வட்ட இலைகளால் மூடி, அதன்மேல் அடுத்த குப்பி. ஓட்டை நிறைகிற வரைக்கும். பிள்ளை வெளியே வரும்போது தாய் இருக்கமாட்டாள். ஜெபசீலிக்கு அது பிடித்துப்போயிற்று. முப்பத்தொன்பது வயசில் கோவில்பட்டியில் தனியாக வீடு எடுத்து இருக்கிறவளிடம், ராத்திரி பயமா இருக்காதாக்கா என்று கேட்காத ஆள் இல்லை. விமானம் நிறுத்துகிற ஹேங்கர் கொட்டகைச் சுவரில் இருந்த பழைய இரும்புக் குழாய்த் துண்டுக்குள் இவள் நாளெல்லாம் போய்வருவதைப் பார்த்தபடி சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. போன வியாழக்கிழமை, பள்ளியை நடத்துகிற கேப்டன் ரகோத்தமன் வந்து, அடுத்த வாரம் சோதனைக்கு ஆள் வருகிறார்கள், சுவரில் தேவையில்லாதது ஒன்றும் தொங்கக்கூடாது என்றார். அவள்தான் கழற்றினாள். உள்ளே பச்சையாக அடைத்திருந்தது தெரிந்தே கழற்றினாள், பழைய இரும்புக் குவியலில் போட்டாள். சார், இதுக்குள்ள ஒண்ணு குடியிருக்கு, பத்து நாள் விடுங்க என்று சொல்ல நாக்கு எழவில்லை. சிரிப்பார். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் இவள் இலையோடு வந்து, குழாய் இல்லாத சுவரில் முட்டிக்கொண்டிருந்தாள், இதே சுற்று, இதே நிறுத்தம். ஆணி அடித்த தடத்தை மோந்து மோந்து பார்த்தாள். மறுநாள் காணவில்லை. போயிருப்பாள் எங்காவது, ஓட்டைக்கா பஞ்சம் என்று ஜெபசீலி நினைத்தாள். மூன்றாம் எண் விமானம் அந்த வெள்ளிக்கிழமையிலிருந்துதான் டயருக்காகக் காத்து, அசையாமல், சுவரை ஒட்டி ஐந்து நாள் நின்றது.

ஐந்து நாள் போதும். ஒரு நாளைக்கு ஒரு குப்பி. இறக்கைக்கு அடியில் இருக்கும் அந்தக் குழாய் சுண்டுவிரல் தடிமன். இவளுக்கென்று செய்துவைத்த மாதிரி. கடையில் எண்ணெய் டின்னைத் திறக்கிறவன் ஒரு ஓட்டையோடு நிறுத்தமாட்டான், எதிர்மூலையில் இன்னொன்று குத்துவான். காற்று உள்ளே போனால்தான் எண்ணெய் வெளியே வரும், இல்லாவிட்டால் குபுக் குபுக்கென்று வந்து கடைசியில் நின்றே போகும். இறக்கைக்கு ஒன்றாக விமானத்தில் இரண்டு பெட்ரோல் டேங்க், இரண்டுக்கும் சேர்த்து அந்த இரண்டாவது ஓட்டைதான் இந்தக் குழாய். வென்ட் என்பார்கள். அடைத்திருந்தால் கிளம்பும்போது ஒன்றுமே தெரியாது. எஞ்சின் சமர்த்தாக ஓடும், விமானம் ஏறும், இருபது நிமிஷம், முப்பது நிமிஷம். அதற்கப்புறம் டேங்க் தன் மூச்சைத் தானே பிடித்துக்கொண்டு பெட்ரோலை இறங்கவிடாது. அடைத்திருந்தால். அடைத்திருந்தால்தானே? இறக்கைக்கு அடியில் வேறு எத்தனை ஓட்டை, விமானத்தைக் கட்டிப்போடுகிற வளையத்துக்குள் இருக்கிறது, தண்ணீர் வடிகிற துளை இருக்கிறது, அங்கே கட்டியிருந்தால் ஒரு கேடும் இல்லை. அதுவும் இல்லாமல் வலது டேங்க் மூடியில் காற்றை இழுத்துக்கொள்ள ஒரு சின்ன வால்வு உண்டு. அதன் ரப்பர் இறுகிப்போயிருக்கிறது, மாற்ற வேண்டிய பட்டியலில் அவளே எழுதியிருக்கிறாள், ஆனாலும் கொஞ்சம் இழுக்கும். இழுக்காதா? ஃபர்ஹானாவும் பார்த்திருப்பாள், ஏறுவதற்கு முன் சுற்றிவந்து பார்ப்பது ஓட்டுகிறவர் கடமை, கையில் பட்டியலோடு சுற்றிவந்ததை ஜெபசீலியே பார்த்தாள். தலையைக் குனிந்து இறக்கைக்கு அடியில் பார்த்தாளா? முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தது ஞாபகம் இருக்கிறது. "அக்கா, துஆ செய்யுங்க." ஜெபந்தானே, செய்யுதேன் போ என்றாள். மே மாசம் எஞ்சின் மூடிக்குள் டார்ச்சை மறந்து வைத்து மூடியதற்குக் கேப்டன் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். "ஜெபா, உன் கையெழுத்தை நம்பித்தான் இங்க பிள்ளைங்க ஏறுறாங்க. இன்னொரு தடவை இல்ல." இன்னொரு தடவை இல்ல. இப்போது போய், சார், பார்த்தேனா இல்லையா தெரியல என்று சொன்னால்? ஒன்றுமே இல்லாமல் இருந்தால்? முதல் தடவை தனியாகப் போன பிள்ளையை ஒரு பூச்சிக்காகத் திரும்பக் கூப்பிட்டவள் என்று காலத்துக்கும் சிரிப்பார்கள். அதைவிட, ஆகாயத்தில் தனியாக இருக்கிற பத்தொன்பது வயசுப் பிள்ளையிடம் உன் எஞ்சின் நிற்கலாம் என்று சொன்னால் அந்தப் பயமே அவளைக் கவிழ்த்துவிடாதா. ஆமாம், அது நியாயமான காரணம். சொல்லாமலிருப்பதுதான் அவளுக்கு நல்லது. நியாயமான காரணம் கிடைத்ததும் உள்ளே ஏதோ இளகியது, அந்த இளக்கம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. தேனீ மறுபடி எழுந்தது. அதே உயரம். அதே புள்ளி. மனுஷி மறப்பாள், இது மறக்காது. பொய் சொல்லி ஏமாற்ற இதற்கு இங்கே யார் இருக்கிறார்கள். வேறு ஓட்டை என்று எதைச் சொன்னாய், வளையம் ஒரு முழம் தள்ளி அல்லவா இருக்கிறது, துளை இறக்கையின் பின்விளிம்பில் அல்லவா. ஏழு இருபத்தாறு. தான் அவ்வளவு நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஓடினாள். பெருவிரல் இப்போது வலித்தது.

டவர் என்று பெயர்தானே தவிர மாடியில் ஒரு கண்ணாடி அறை. ரேடியோ முன்னால் சங்கரபாண்டி டீ குடித்துக்கொண்டிருந்தான், ஜன்னலோரம் கேப்டன். படியேறி வந்த மூச்சில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. "மூணாம் நம்பரத் திருப்பிக் கூப்பிடுங்க சார். வென்ட் அடைச்சிருக்கும்." "அடைச்சிருக்குமா, அடைச்சிருக்கா?" "தெரியல சார். தேனீ கூடு கட்டியிருக்கும்னு நெனைக்கேன். அது அங்க வந்து தேடுது." "குளவியா?" "குளவி இல்ல சார், தேனீ, இலைய வெட்டி..." "இப்ப அதுவா முக்கியம்? காலையில பார்த்தியா இல்லையா?" சங்கரபாண்டி டம்ளரைக் கீழே வைத்தான், அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது. சுத்தமான கறுப்பு மறுபடி கண்முன்னால் வந்து நின்றது, சொல், பார்த்தேன் என்று சொல், சொல்லிவிட்டும் கூப்பிடச் சொல்லலாமே. "பார்த்தேனான்னு ஞாபகம் இல்ல சார்." கேப்டன் அவளை ஒரு கணம் பார்த்தார். திட்டவில்லை. மைக்கை வாங்கினார். அவர் குரலில் அவசரமே இல்லாததுதான் அவளைப் பயமுறுத்தியது. "ஃபர்ஹானா, எங்கம்மா இருக்க?" கரகரப்புக்கு நடுவில் சந்தோஷமான குரல் வந்தது. "கடல் தெரியுது சார்!" "நல்லது. பார்த்தாச்சுல்ல, இப்ப மெதுவா இடது பக்கமா திரும்பி வீட்டுக்கு வா. பெட்ரோல் லைன்ல ஒரு சின்ன சந்தேகம். உயரத்தை மட்டும் விடாதே. நான் சொல்ற வரைக்கும் இறங்காதே. கீழ எப்பவும் ஒரு வெட்டவெளி கண்ணுல இருக்கட்டும்." "சரி சார்" என்றபோது அது வேறு பெண்ணின் குரலாக இருந்தது. ஏழு இருபத்தேழு. இருபத்திரண்டு நிமிஷம் போனவள், இன்னும் இருபத்திரண்டு நிமிஷம் வரவேண்டும்.

கண்ணாடிக்கு வெளியே கிழக்கே வெயில் வெள்ளையாக ஏறியிருந்தது. அங்கே ஒன்றுமில்லை, கம்மங்காடும் மின்கம்பங்களும், தூரத்தில் சோம்பலாகச் சுற்றும் காற்றாலைகளும்தான். ஜெபசீலி பார்த்துக்கொண்டே நின்றாள். கர்த்தாவே என்று தொடங்கினாள், அதற்கு அடுத்த வார்த்தை நாலு ஒண்ணு எட்டு ஆறு என்று வந்தது. மறுபடி கர்த்தாவே. நாலு ஒண்ணு எட்டு ஆறு. ஃபர்ஹானாவின் உம்மா போன மாசம் வந்து ஹேங்கரில் எல்லோருக்கும் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டலப்பம் கொடுத்தார்கள், இந்த மெக்கானிக் பொம்பளைதானா, நல்லா பாத்துக்கம்மா என்று அவள் கையைப் பிடித்தார்கள், அந்தக் கை பஞ்சு மாதிரி இருந்தது. இப்போது அந்தம்மா என்ன செய்துகொண்டிருப்பார்கள். ஏழு முப்பத்தைந்து. பெட்ரோல் எவ்வளவு இறங்கியிருக்கும், டேங்குக்குள் எவ்வளவு இழுவை ஏறியிருக்கும், கணக்குப் போடத் தெரிந்ததே சாபமாக இருந்தது. அந்த வால்வு. இறுகிப்போன ரப்பர். இழு, கொஞ்சம் இழு, ஒரு மூச்சு இழு என்று அவள் தன் மூச்சையே அடக்கிக்கொண்டிருந்தது, மார்பு எரிந்தபோதுதான் தெரிந்தது. ஏழு நாற்பத்துமூன்றுக்கு ரேடியோ இரைந்தது. "சார், எஞ்சின் இருமுது. சார், சத்தம் மாறுது." சங்கரபாண்டி முருகா என்றான். "ஆமா, இருமும்" என்றார் கேப்டன், பிள்ளைக்குச் சளி என்பதைப்போல. "பவரைப் பாதியாக் குறை. மூக்கைக் கீழ இறக்கு. உன்கிட்ட உயரம் இருக்கு, நிறைய இருக்கு, எஞ்சின் இல்லாமயே இங்க வந்துரலாம். வாயால சொல்லு, எவ்வளவு வேகம்?" அவள் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். மறுபடி அவள். வேகம், உயரம், வேகம், உயரம். இருமல் ஒருமுறை நின்றது, மறுபடி வந்தது. ஜெபசீலி ஜன்னல் சட்டத்தைப் பிடித்திருந்தாள். பிறகு காற்றாலைகளுக்கு மேலே ஒரு புள்ளி தெரிந்தது, புள்ளிக்கு இறக்கை முளைத்தது, அது ரொம்ப உயரமாக, ரொம்ப அமைதியாக வந்துகொண்டிருந்தது. வழக்கமாகக் கேட்கிற சத்தத்தில் பாதிகூட இல்லை. ஓடுபாதையின் பாதியில் தொட்டது, துள்ளியது, மறுபடி தொட்டது, கடைசிக் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஃபர்ஹானா இறங்கி, புல்லில் குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். கேப்டன் ஒரு கையால் அவள் நெற்றியைத் தாங்கியிருந்தார். ஜெபசீலி ஏணியைச் சாய்த்து ஏறி வலது டேங்க் மூடியைத் திருகினாள். திறந்ததும் டேங்க் காற்றை உறிஞ்சியது, நீளமாக, முங்கி எழுந்தவன் இழுக்கிற மூச்சைப்போல. கேப்டன் தலை நிமிர்ந்தார். அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். பிறகு இறங்கி வந்து இடது இறக்கைக்கு அடியில் தலையைச் சாய்த்து டார்ச் அடித்தாள். கறுப்பு இல்லை. பச்சை. இலை, அதன்மேல் இலை, விளிம்போடு விளிம்பு சேர்த்து, ஒரு ஊசி போக வழியில்லாமல். இதை அவள் காலையில் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் பச்சையைத்தான் பார்த்திருப்பாள். ஆனால் இப்போதும், பச்சையைப் பார்த்துக்கொண்டே நிற்கும்போதும், மனசு அந்தச் சுத்தமான கறுப்பை நீட்டிக்கொண்டிருந்தது. ஆணையிட்டுச் சொல்லியிருப்பாளே. கம்பியால் மெதுவாக இழுத்தாள். குப்பிகள் நாலு முழுசாக வந்தன, ஐந்தாவது பாதியில். அதில் மஞ்சளாகப் பூந்தூள் இருந்தது, முட்டை இன்னும் இடவில்லை. ஆபீஸில் கேப்டன் ஒரு தாளை நகர்த்தினார். "எழுது. ஞாபகம் இல்லன்னு எழுதாதே." பார்க்கவில்லை என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். "விசாரணை முடியற வரைக்கும் நீ எதுலயும் கையெழுத்துப் போட வேண்டாம்" என்றார். கொஞ்சம் கழித்து, "வந்து சொன்னியே" என்றார். அந்த வார்த்தையைத் தாங்க முடியாமல் அவள் வெளியே வந்தாள்.

ஏழு இருபத்தேழுக்குக் கூப்பிட்டதால் ஃபர்ஹானா ஏழு நாற்பத்தொன்பதுக்கு வந்தாள். ஏழு பதினெட்டுக்கே கூப்பிட்டிருந்தால் ஏழு முப்பத்தொன்றுக்கு வந்திருப்பாள். இருமல் ஏழு நாற்பத்துமூன்றுக்கு. அந்த இருமல் முழுக்க என்னுடையது, தேனீயுடையதுகூட இல்லை. தாளில் அதற்கு இடம் இருக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஹேங்கர் நிழலில் பெஞ்சில் ஃபர்ஹானா தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெபசீலி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அக்கா" என்றாள் ஃபர்ஹானா, தலையைத் திருப்பாமல். "நானும் பாக்கலக்கா. குனிஞ்சா முக்காடு நழுவுதுன்னு டிக் மட்டும் போட்டுட்டேன். நீங்க ஆபீஸுக்குப் போறதுக்கு முந்தியே சார்ட்டச் சொல்லிட்டேன். உங்க மேல மட்டும் போடாதீங்கன்னு சொன்னேன்." இந்தப் பிள்ளை சொல்லிவிட்டது. விமானத்திலிருந்து இறங்கிக் கால் மணி நேரம்கூடத் தள்ளிப்போடவில்லை. "உங்களுக்கு எப்பக்கா தெரிஞ்சுது?" என்றாள் ஃபர்ஹானா. சாதாரணமாகத்தான் கேட்டாள். கொஞ்சம் முந்தி என்று சொல்லலாம். தெரிஞ்ச உடனே ஓடிவந்தேன் என்று சொல்லலாம், பெருவிரலில் ரத்தம்கூட இருக்கிறது காட்ட. "ஏழு பதினெட்டுக்கு." ஃபர்ஹானா கணக்குப் போடுவது தெரிந்தது, நேரமும் தூரமும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். "சார் கூப்பிட்டது இருபத்தேழுக்கு." "ஆமா." "ஒம்பது நிமிஷம் என்னக்கா செஞ்சீங்க?" "நின்னுக்கிட்டிருந்தேன்" என்றாள் ஜெபசீலி. "பயத்துல. என்னை நெனைச்சுத்தான் பயம். உன்னை நெனைச்சு இல்ல." ஃபர்ஹானா பாட்டிலின் மூடியைத் திறந்தாள், குடிக்கவில்லை, மறுபடி மூடினாள். எழுந்து போய்விடுவாள் என்று ஜெபசீலி காத்திருந்தாள். "அந்த ஒம்பது நிமிஷமும் நான் பாடிக்கிட்டு இருந்தேன்க்கா" என்றாள் ஃபர்ஹானா. "அங்க யாருக்கும் கேக்காதுல்ல. சத்தமா."